ஒரே கேமரா, மூன்று அபாய நிலை

ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் விதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. சாட்ஜிபிடி மாதிரியான பொது மாடல்களுக்குத் தனி விதி உண்டு, அதை விடுங்கள். மற்றபடி, யார் மேல், எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டுத்தான் அந்தச் சட்டம் அபாய நிலையை முடிவு செய்கிறது. இதுதான் சரியான கேள்வி என்பது என் உறுதியான கருத்து.

கம்பெனி வாசலில் ஒரு கேமரா இருக்கிறது என்று வையுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வரும் பெண்ணின் முகத்தைப் பார்த்து, கார்டில் உள்ள ஆள் இவர்தான் என்று உறுதி செய்து வருகை போடுகிறது. அதோடு நின்றால் அது உயர் அபாயப் பட்டியலில் வராது. அதே கேமராவை ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிற லைனுக்கு மேலே மாட்டி, யார் கை மெதுவாக ஓடுகிறது என்று கணக்கெடுத்து, யாரை நிறுத்தலாம் என்று சொல்ல வைத்தால் உயர் அபாயம். அப்போது பதிவேடு வேண்டும், தலையிட்டு மாற்ற ஒரு மனிதர் வேண்டும், தொழிலாளர்களிடம் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். முகத்தைப் பார்த்து இவர் எரிச்சலில் இருக்கிறார், இவருக்கு வேலையில் மனமில்லை என்று ஊகிக்கப் போனால் அடியோடு தடை. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டும்தான் விதிவிலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் இந்தத் தடை இருக்கிறது. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம்.

இதெல்லாம் ஜெர்மனியில். அந்த ஜெர்மனிக்கு ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரில்?

'குரோமியம்-6' என்ற வேதிப்பொருள் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் அந்த ஷூவை ஐரோப்பாவில் விற்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து இதுதான் விதி. போடுகிறவர் காலில் ஒவ்வாமை வந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஷூவைச் சோதிக்கிற சட்டம், அதைத் தைத்த பெண்ணை நாள் முழுக்க எந்த மென்பொருள் எடைபோட்டது என்று கேட்பதில்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது? மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட ஏஐ வழிகாட்டுதல்கள், இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம் என்ற போக்கில் போகின்றன. தமிழ்நாடு 2020-லேயே ஏஐ கொள்கை வெளியிட்டு, ஏஐ அமைப்புகளை மக்களிடம் கொண்டுபோகும் முன் மதிப்பெண் போட்டுப் பார்க்க 'டீப் மேக்ஸ்' அட்டையும் கொடுத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது அரசுத் துறைகளுக்கானது, தனியார் கம்பெனி லைன் வரைக்கும் வராது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்கா போனில் கடன் கேட்டு, ஏஐ கணக்குப் பார்த்து இல்லை என்று பதில் வந்தால் அங்கேயும் அந்தக் கொள்கை வராது. ஆளின் கடன் தகுதியைக் கணிக்கும் ஏஐ ஐரோப்பாவில் உயர் அபாயம்.

ஐரோப்பியச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. இது சின்ன உதவி வேலைதான், முடிவெடுப்பதில்லை என்று தயாரிப்பவரே மதிப்பிட்டு, எழுதிப் பதிந்து, உயர் அபாயத்திலிருந்து நழுவலாம். விற்கிறவரே தன் சரக்குக்கு நற்சான்று கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. நல்லவேளை, தனிமனிதரின் நடத்தையை அலசி விவரக்குறிப்பு தயாரிக்கும் அமைப்பு என்றால் அந்த நழுவலுக்கு இடமில்லை. நம் ஊருக்குச் சட்டம் எழுதும் நாளில் இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின் ஆடிட்டர் வந்தால் தீ விபத்தில் வெளியேறும் வழியைப் பார்க்கிறார், ஓவர்டைம் பதிவேட்டைப் புரட்டுகிறார். கேமராவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். இது எதற்கு மாட்டப்பட்டது, அதன் கணக்கை யார் பார்க்கிறார், தப்பாகச் சொன்னால் யாரிடம் முறையிடுவது, இவற்றுக்கு நிர்வாகம் தமிழில் பதில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும்.