தெரியாது என்று சொல்லியிருக்கலாம்

முந்தாநாள் நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எதைப் பற்றிய பதிவு என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரே வரியில்: சோலார் கன்ட்ரோலர் விற்கும் நிறுவனத்திடம் சாட்டில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே மாட்டினேன், அது எரிந்தது, இப்போது வாரன்டி கிடையாது என்கிறார்கள். அந்தச் சாட் உரையாடலை மறுபடி ஒருமுறை எடுத்து ஒட்டும் மனநிலையில் நான் இல்லை. வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் என்னைத்தான் திட்டியிருக்கின்றன. "மேனுவலைப் படிக்காமல் மாட்டிவிட்டு இப்போது அழுகிறார்" என்று ஒருவர். அதற்கு நாற்பது லைக். லைக் போட்டவர்களில் என் சித்தி மகனும் ஒருவன். நன்றாக இருடா தம்பி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பவை 450 வாட் சோலார் பேனல்கள் இரண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டியிருக்கும் லேபிளில் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ் (பேனலிலிருந்து மின்சாரம் எடுக்காதபோது இருக்கும் வோல்டேஜ்) 49.5 என்று இருக்கிறது. இரண்டையும் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கோர்த்தால் இரண்டும் கூடி 99 வோல்ட். நான் வாங்க நினைத்த எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) தாங்கக்கூடிய உச்ச வோல்டேஜ் 100. மாட்டிவிட்டுக் கேட்கவில்லை. வாங்கிவிட்டும் கேட்கவில்லை. வாங்குவதற்கு முன்னால், லேபிளில் இருந்த எண்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து, அதை விற்கும் நிறுவனத்தின் சாட்டில் அனுப்பி, "இந்த இரண்டையும் சீரீஸில் போட்டால் இந்தக் கன்ட்ரோலர் தாங்குமா?" என்று கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. "99 என்பது 100-ஐவிடக் குறைவு சார், தாராளமாகப் போடலாம்." கூடவே ஒரு கட்டைவிரல்.

எனக்கும் கழித்தல் தெரியும். ஒரே ஒரு வோல்ட் இடைவெளி என்பது உறுத்தியதால் மறுநாள் அவர்களுக்கே போன் செய்தேன். "குளிர்காலத்தில் வோல்டேஜ் மாறுமா?" என்று கேட்டேன். இந்த வார்த்தைகளை வைத்தே கேட்டேன், மனைவி பக்கத்தில் இருந்தாள், சாட்சி. அதற்குக் கிடைத்த பதில்: "வெயில் ஏறினால்தான் சார் வோல்டேஜ் ஏறும். குளிர்காலத்தில் பயமே வேண்டாம்."

நேர்த்தலைகீழ். இதைவிடத் தலைகீழாக ஒரு பதிலைச் சொல்லவே முடியாது. சிலிக்கான் பேனல் சூடாகச் சூடாக வோல்டேஜ் இறங்கும், குளிரக் குளிர ஏறும். லேபிளில் இருக்கும் எண்கள் பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில் அளந்தவை. என் பேனலுக்கு ஒரு டிகிரி குறைந்தால் 0.28 சதவீதம் வோல்டேஜ் கூடும். இதுவும் பேனலின் டேட்டா ஷீட்டில்தான் இருக்கிறது. செல் 60 டிகிரிக்குக் கொதிக்கும் கோடை மதியத்தில் என்னுடைய 99 வோல்ட் 89-க்கு வந்துவிடும். 8 டிகிரியில் பளிச்சென்று வெயில் அடித்தால் கிட்டத்தட்ட 104-க்குப் போகும். அதனால்தான் அவர்கள் பேச்சை நம்பி நான் வாங்கி மாட்டிய கன்ட்ரோலர் ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதனால்தான் ஒரு குளிர்காலக் காலையில், மேகம் விலகி வெயில் வந்த கொஞ்ச நேரத்தில், செத்தது. காலையில் கன்ட்ரோலர் விழித்துக்கொள்ளும்போது பேனலிலிருந்து இன்னும் மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருக்காது. ஆகவே ஓபன் சர்க்யூட் வோல்டேஜ் முழுசாக அதன் தலையில் இறங்கும். ஆம்பியர் கொஞ்சம் அதிகமாக வந்தால் இந்த ரகக் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு சமாளிக்கும். வோல்டேஜ் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். எரிந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். கேட்டபோது தெரியாது. தெரியாததால்தானே கேட்டேன்?

சரியான பதில் என்ன தெரியுமா? இரண்டையும் பேரலலில் (வோல்டேஜ் கூடாமல், பக்கம்பக்கமாக) போடுங்கள், என் 24 வோல்ட் பேட்டரிக்கு அதுவே போதும். அல்லது 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலரை வாங்குங்கள். அதை அவர்களே விற்கிறார்கள்! எனக்குக் கூடுதல் விலையில் ஒரு பொருளை விற்றிருக்கலாம். அதுகூடத் தெரியவில்லை. சரி, அதுவும் வேண்டாம். "எனக்குத் தெரியாது சார், தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்திருப்பேன். ஒரு வாரம்கூடக் காத்திருந்திருப்பேன்.

இனி வாரன்டி படலம். ஸ்கிரீன்ஷாட்டின் கடைசிப் பகுதி. கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்பினேன். அதன் நினைவகத்தில் உச்ச வோல்டேஜ் பதிவாகியிருக்கிறதாம், 103.6. "அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிக வோல்டேஜ் கொடுத்திருக்கிறீர்கள். இது பொருத்தியதில் நேர்ந்த தவறு. வாரன்டி கிடையாது." எவ்வளவு தெளிவு, எவ்வளவு துல்லியம், ஒரு தசமப் புள்ளிவரை! விற்கும்போது அதே நிறுவனத்தில் கழித்தல் கணக்கு மட்டும் தெரிந்த ஆள். பணம் திரும்பக் கேட்டால் உடனே ஒரு விஞ்ஞானி எங்கிருந்தோ எழுந்து வருகிறார். அந்த விஞ்ஞானியை என் முதல் கேள்விக்குக் கொஞ்சம் கூப்பிட்டிருக்கக் கூடாதா? உங்கள் ஆள் சொல்லித்தானே சீரீஸில் போட்டேன் என்று சாட் உரையாடலைக் காட்டினால், "சாட்டில் தரப்படுவது பொதுவான தகவல் மட்டுமே, தொழில்நுட்ப ஆலோசனை அல்ல" என்கிறார்கள். அப்புறம் அந்தச் சாட் பெட்டியின் மேல் "எங்கள் சோலார் நிபுணரிடம் கேளுங்கள்" என்று எதற்கு எழுதி வைத்திருக்கிறீர்கள் ஐயா?

இப்போது கருத்துப் பெட்டி நீதிபதிகளுக்கு.

"மேனுவலைப் படித்திருக்க வேண்டும்." படித்தேன். மேனுவல் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி வாங்கிய பிறகு வந்தது. குளிரைப் பற்றிய எச்சரிக்கை 31-ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணைக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபோதும் நான் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? இரண்டு பேர் இரண்டு முறை உறுதி சொல்லியிருக்கிறார்களே. கேட்காமல் இருந்திருந்தால் அந்த எறும்பைப் பார்த்து நானே பயந்திருப்பேன். கேட்டுத்தான் கெட்டேன்.

"நல்ல எலக்ட்ரீஷியனை வைத்திருக்கலாமே." வைத்தேன். அவரும் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டு என்ன செய்தார்? அதே எண்ணுக்கு அவரும் போன் செய்தார்.

"மலிவாகத் தேடிப் போனால் இப்படித்தான்." மலிவாகத் தேடியதாக நான் எங்கே சொன்னேன்? அடுத்தது.

"அந்தப் பையன் பாவம், குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பான், அவனைப் போய் இப்படி ஊரறியத் திட்டலாமா?" இதற்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பையனாக நான் இருந்திருக்கிறேன்.

படிப்பு முடித்த புதிதில் இரண்டு வருடம் வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்த்தேன். சோலார் இல்லை, வீட்டு மின்சாதனங்கள். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அழைப்பு கொஞ்சம் நீண்டால் மஞ்சளாகும், இன்னும் நீண்டால் சிவப்பாகும். சிவப்புகளை எண்ணி வாரக் கடைசியில் குழுத் தலைவர் கூப்பிட்டு உட்கார வைப்பார். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் "தெரியாது" என்று சொல்லவே கூடாது என்பது ஒரு பாடம். நிஜமாகவே ஒரு பாடம், அதற்கு ஒரு மதியம் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் கூப்பிட்டு, வாங்கப்போகும் ஸ்டெபிலைசரில் ஃபிரிட்ஜையும் ஏசியையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டார். கம்ப்ரசர் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கடிகாரம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போனது. "தாராளமாகப் போடலாம் சார்" என்றேன். "ரொம்ப நன்றி தம்பி, நீ பொறுமையாகச் சொன்னாய்" என்றார். அந்த ஸ்டெபிலைசர் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்த நன்றி மட்டும் இத்தனை வருடமாகக் கூடவே வருகிறது.

ஆகவே அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. இப்படித்தான் எழுத நினைத்தேன். எழுதிவிட்டுப் படித்தால் பொய்யாக இருக்கிறது. கோபம் இருக்கிறது. என் மேலேயே இருக்கும்போது அவன் மேல் இல்லாமல் எப்படி இருக்கும்? "தாராளமாக" என்று நான் சொன்ன அதே வார்த்தையை அவனும் சொல்லியிருக்கிறான், அதைக் கவனித்தீர்களா?

இது என் கதை மட்டுமும் இல்லை. என் அக்கா வீட்டில் போன வருடம் கூரை முழுக்கப் பேனல் போட்டார்கள். பேட்டரி கிடையாது, கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, இணைத்த இன்வெர்ட்டர். "கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும் மேடம், சூரியன் இருக்கிறதே" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மின்தடை வந்தது பட்டப்பகலில். அக்கா பெருமையாக எல்லோருக்கும் காட்டலாம் என்று சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் எரியவில்லை. எரியாது. லைனில் வேலை செய்யும் ஊழியரை உங்கள் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, கிரிட் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. இதைத் தெரியாமல் ஒருவர் விற்கிறார் என்றால், நீச்சல் தெரியாதவர் படகுக்காரனாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். தெரிந்தே விற்கிறார் என்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. அக்கா யாரிடமும் சண்டை போடவில்லை. "நாம்தான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது" என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஏமாந்தவர்கள் எல்லோரும் கடைசியில் இதே வாக்கியத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

அப்புறம் அந்த 25 வருட வாரன்டி. பேனல் என்றாலே 25 வருடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்களே, அது பெரும்பாலும் மின் உற்பத்தி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது என்பதற்கான உறுதி. கண்ணாடி, ஃபிரேம், ஜங்ஷன் பாக்ஸ் போன்ற பொருளுக்கான வாரன்டி தனி, பல பேனல்களில் 12 வருடத்தோடு அது முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கேட்டால் "எல்லாமே 25 தான் சார்" என்கிறார்கள். லித்தியம் பேட்டரி வாங்கிய நண்பர் ஒருவரிடம், கன்ட்ரோலரைப் பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கான செட்டிங்கிலேயே விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஈக்வலைசேஷன் என்று அந்தச் செட்டிங்கில் அவ்வப்போது வோல்டேஜைத் தூக்கிவிடும் வேலை ஒன்று இருக்கிறது. லித்தியத்துக்கு அது ஆகவே ஆகாது. நல்லவேளை, நண்பர் அதை அணைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.

எங்கோ போய்விட்டேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தவறான பதில் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், தெரிந்த மாதிரி, அதுவும் கட்டைவிரலோடு சொன்னதுதான் உறுத்துகிறது. நான் எண்களை அனுப்பினேன். அதை ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார் என்று நம்பினேன். யாரும் பார்க்கவே இல்லை. நான் கவலையோடு கேட்டதை யாரும் கேட்கவே இல்லை.

நிறுவனத்தின் பெயரைப் போடச் சொல்லிப் பலர் கேட்கிறீர்கள். போட மாட்டேன். பயம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் நீங்கள் எல்லோரும் பக்கத்து நிறுவனத்துக்குப் போவீர்கள், அங்கேயும் ஒரு கடிகாரம் சிவப்பாகிக்கொண்டிருக்கும்.

முந்தாநாள் பதிவுக்குப் பிறகு இன்பாக்ஸில் மூன்று பேர் தங்கள் பேனல் லேபிளைப் படமெடுத்து அனுப்பி, சீரீஸா பேரலலா என்று கேட்டிருந்தார்கள். நான் எலக்ட்ரீஷியன் இல்லை என்று சொல்லிவிட்டு, முதல் இரண்டு பேருக்குக் குளிர்காலக் கணக்கோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாமவரிடம் இருப்பவை வெவ்வேறு வாட் பேனல்கள், அதிலும் பாதி மரநிழலில். அதை எப்படிக் கோர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "தெரியவில்லை சார்" என்றே எழுதினேன். "இவ்வளவு பேசுகிறீர்கள், இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு நட்புப் பட்டியலிலிருந்து என்னை நீக்கிவிட்டார்.