அது முள்ளம்பன்றிக் குட்டி இல்லை, அக்கா

லண்டனில் இருக்கிற அக்கா போன கிழமை ஒரு வீடியோ அனுப்பினா. "எங்கட வளவுக்குள்ள முள்ளம்பன்றிக் குட்டி ஒண்டு வந்து பூனைச் சாப்பாட்டைத் தின்னுது, என்ன வடிவு பாரடா." குடும்பக் குரூப்பில் எல்லாரும் இதயம் போட்டாச்சு. நான்தான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன்: அது குட்டி இல்லை, வளர்ந்தது, பெயர் முள்ளெலி என்று. "நீ கண்டனியோ?" என்று கேட்டா.

கண்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் திருநெல்வேலிப் பக்கம் அகதி முகாமில் இருந்தபோது, ஒருநாள் இரவு உடைமரத்தடியில் டோர்ச் வெளிச்சத்தில், சின்னத் தேங்காய் ஒன்று உருண்டு கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் புஸ் புஸ் என்று மூச்சு. வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் குந்தியிருந்தேன், கன நேரம் கழித்து முள்ளுக்குள்ளிருந்து ஈர மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது, அப்புறம் இரண்டு காது, பிறகு ஒரே ஓட்டம்.

இலங்கையில் முள்ளெலி இல்லை. எங்களுக்கு முள் என்றால் வன்னியில் மரவள்ளியைக் கிண்டி நாசமாக்குகிற முள்ளம்பன்றிதான், அதனால் அக்காவில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் முள்ளம்பன்றி பத்துக் கிலோவைத் தாண்டும், கிழங்கு தின்னும், எலி அணில் வகையறா. முள்ளெலியோ இனத்தைப் பொறுத்துக் கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ அளவுதான், பூச்சி பிடித்துத் தின்னும், மூஞ்சூறுக்குத்தான் சொந்தம். (எலியும் இல்லை என்றால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள், மூஞ்சூறையும் நாங்கள் எலி என்றுதானே அடிக்கிறோம்.)

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இதை வெள்ளைக்காரன் நாட்டுப் பிராணி என்று நினைக்கிறோமே, அங்கேதான். அங்கே இருப்பது வேறு இனம். தமிழ்நாடு, ஆந்திரா, கேரளாவின் வறண்ட முட்காட்டில் இருப்பது உலகத்தில் வேறெங்கும் இல்லாத தனி இனம், அடிவயிற்றில் முடி குறைவு என்று பார்த்து ஹோர்ஸ்ஃபீல்ட் என்ற விலங்கியலாளர் 1851இலேயே அதை எழுதிவைத்துவிட்டார். நாங்கள் என்ன செய்தோம்? கக்குவான் இருமலுக்கு நல்லது என்று முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்தோம். முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி வீட்டில் காய்ந்த முள்ளெலித் தோல் ஒன்று கூரை வளையில் தொங்கினது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த இருமலுக்குத் தடுப்பூசி வந்து எத்தனையோ காலம்.

இவ்வளவையும் குரூப்பில் எழுதினேன், ஒருத்தரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. பால் வைக்காதே, அதுக்கு வயிற்றால் போகும், தண்ணி வை என்றும் எழுதினேன். அதுக்கு மட்டும் அக்கா பதில் போட்டா: "சரியடா முள்ளெலி டொக்டர். இண்டைக்கும் வந்தவர், தண்ணிதான் வைச்சனான்."