நான்கு பகடை உருட்டினால் 18 உறுதி என்பது பிழை

தம்பி, ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸில் நான்கு பகடை உருட்டிச் சிறியதைக் கழித்தால் எப்படியும் ஒரு 18 விழும், தொடக்கம் முதலே விதி அதுதான்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை. ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு இது; பாத்திரத்தின் பலம், அறிவு முதலான ஆறு திறன்களுக்கும் பகடை உருட்டி, விழுந்ததைக் கூட்டி எண் கொடுப்பார்கள்.

1974இல் வந்த முதல் பதிப்பில் மூன்று பகடைதான். விழுந்த வரிசையிலேயே பலம், அறிவு என்று எழுதிக்கொண்டு போகவேண்டும். நான்கு பகடை முறை, ஆட்டத்தை நடத்துபவருக்காக 1979இல் வந்த நடத்துநர் கையேட்டில் இருக்கிறது.

இனி அந்த 18. உருட்டும்போது 5, 5, 4, 1 விழுந்தால், 1ஐ நீக்கி 14. 18 வேண்டுமென்றால் குறைந்தது மூன்று பகடைகளில் 6 விழவேண்டும். மொத்தம் 1,296 வழிகளில் அதற்கு 21 மட்டுமே. ஆறு திறன்களுக்கும் உருட்டி முடித்தாலும் ஒரு 18ஆவது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதம். சராசரி, மூன்று பகடைக்குரிய 10.5இலிருந்து 12.24க்கு உயர்வது உண்மைதான்.

யாழ்ப்பாணத்தில் இந்த விளையாட்டை இப்போதுதான் பழகும் பிள்ளைகள் இப்படியான பேச்சை நம்பி, 14 விழுந்ததும் முகம் வாடித் தாளைக் கிழித்துப்போடுவதை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை. 14 நல்ல எண். பகடையை நம்ப விரும்பாதவர்களுக்கு ஐந்தாம் பதிப்பு தரும் நிலையான தொகுப்பு 15, 14, 13, 12, 10, 8. அதிலும் 18 கிடையாது.