கடப்பாரை அடித்த புண்ணியவான்களுக்கு

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கேரவன் வண்டியில் ஈரக்காலோடு ஏறப்போன பையன், கைப்பிடியைத் தொட்டதும் தெறித்து விழுந்தான். இசக்கியம்மன் புண்ணியத்தில் உயிர் தப்பியது. அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது மறுநாள் வந்த வீடியோ. ஜெனரேட்டர் பக்கத்தில் கடப்பாரையை அடித்து, வயரைச் சுற்றி, "எர்த் கொடுத்தாயிற்று, இனி பயமில்லை" என்கிறார்கள். கீழே ஒரே பாராட்டு மழை.

கடப்பாரை மட்டும் காப்பாற்றாது என்று எழுதினேன். "பிழைப்புக்காகப் பயமுறுத்தாதேயும், வயர்மேன் வேலையைப் பாரும் ஓய்" என்று பதில் வந்தது. இருபத்தாறு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

அந்த வண்டியையும் போய்ப் பார்த்தேன். கரண்ட் மண்ணைத் தேடிப் போவதில்லை, புறப்பட்ட ஜெனரேட்டர் காயிலுக்குத்தான் (கம்பிச்சுருள்) திரும்பப் பார்க்கும். வாடகைக்கு வரும் சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிவரும் வயர், ஜெனரேட்டரின் இரும்பு பாடியோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும். ஒரு பழுது வந்தால் எந்த சுவிட்சும் விழாது, சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். இங்கே ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரல் வயர் நைந்து பாடியில் ஒட்டியிருந்தது. வண்டிக்குள் கரண்ட் வரும் பேஸ் வயர் தகட்டில் உரசியிருந்தது. இடையில் ஓடியது இரண்டே கோர் கேபிள், எர்த் வயரே கிடையாது. மிச்ச வயராக நின்றவன் பையன். கடப்பாரை அன்றைக்கே இருந்திருந்தால், ஈர மண்ணிலிருந்து ஜெனரேட்டர் பாடிக்குத் திரும்ப இன்னும் நல்ல வழி கிடைத்து, அவன்மேல் பாய்ந்தது கூடியிருக்கும்!

சரி, வண்டிக்கும் ஒரு கடப்பாரை அடிக்கலாமே என்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் மண்ணின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டுக்கு ஐந்து ஆம்பியர்கூட ஓடாது. யாரோ இஸ்திரி போடுகிறார்கள் என்று 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் விழுகிற சுவிட்ச்) சும்மா இருக்கும்.

என் மாமா எட்டாம் வகுப்பு. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி வெட்டுவார், அத்தை கோடையில் தினமும் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஒரு கொடைக்குப் போனபோது ஜெனரேட்டரின் இரண்டு வயரிலும் டெஸ்டர் மங்கலாக எரிந்தது. "நியூட்ரல் அநாதையாக நிற்கிறதுடா" என்றார். அன்று சொல்லிக்கொடுத்ததுதான்: ஜெனரேட்டரிடத்தில், ஒரே இடத்தில், நியூட்ரலையும் எர்த்தையும் சேர். மூன்று கோர் கேபிளில் எர்த்தை வண்டிவரை கொண்டுபோ. வண்டி போர்டில் இரண்டையும் சேர்க்காதே.

இந்த வண்டியில் போர்டில் சேர்த்திருந்தார்கள் (அந்த எர்த் வண்டித் தகட்டோடு சேரவில்லை, அதனால்தான் பேஸ் உரசியும் எம்சிபி விழவில்லை). அதனால் மண்டபத்துக் கரண்டில் போட்டபோதெல்லாம், திரும்புகிற கரண்டில் கொஞ்சம் எர்த் வழியாகப் போய் ஆர்சிசிபி விழுந்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து உயிர் காக்கிற சாமான் அது. தொந்தரவு என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். நாய் குரைக்கிறது என்று நாயைத் துரத்திய கதை.

(வீட்டு லைனோடு சேஞ்ச்ஓவரில் ஜெனரேட்டர் கட்டுகிறவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள், அங்கே கணக்கு வேறு.)

"பறவை கம்பியில் உட்காரவில்லையா, அந்தரத்தில் நிற்கும் நியூட்ரல்தான் பாதுகாப்பு" என்றார் ஒரு இஞ்சினியர். ஒரு ஜெனரேட்டர், ஒரு விளக்கு, நல்ல வயர் என்றால் சரிதான். கொடையில் நல்ல வயரை எங்கே கண்டீர்கள் ஐயா? "டயர் ரப்பர்தானே" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அமெரிக்காவில் வண்டியிலேயே குடியிருக்கிறவர்கள் 120 வோல்ட்டுக்கே, உள்ளே நியூட்ரலும் எர்த்தும் இணைத்த பிளக்கை ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகிவைக்கிறார்கள். அவர்களும் பிழைப்புக்காகப் பயமுறுத்துகிறார்களோ என்னவோ. என்னை அப்படித்தானே சொன்னீர்கள்?

மூன்று கோர் கேபிள் என்றால் வாடகை கூடுமாம். வாணவேடிக்கைக்கு யாரும் அந்தக் கணக்குப் பார்க்கவில்லை. ஒயரைத் தொடுகிறவன் சொன்னால் பிழைப்பு, மைக்கைப் பிடித்தவன் சொன்னால் அறிவு. இருக்கட்டும்.

நேற்று பையனைப் பார்க்கப் போனேன். உள்ளங்கையில் கைப்பிடியின் தடம் இன்னும் இருக்கிறது. "மாமா, கடப்பாரை அடித்த பிறகு தொட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாமே?" என்று கேட்கிறான். அவனும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான்.