தகடு எங்கே?

அச்சோவியங்களுக்கென்றே 'யாரும் அனுப்பலாம்' என்று ஓபன் கால் அறிவித்து ஒரு கண்காட்சி நடந்தால் இரண்டு புலம்பல்கள் தவறாமல் காதில் விழும். பார்க்க வந்தவர் சொல்வது: "பிரிண்ட்தானே, காப்பிதானே, இதுக்குப் போய் பன்னிரண்டாயிரமா?" பங்கேற்ற கலைஞர் சொல்வது: "பெயின்டிங்கை ஸ்கேன் பண்ணி இன்க்ஜெட்ல எடுத்து அனுப்பினதையும் எங்க எட்சிங் பக்கத்துலயே மாட்டியிருக்காங்க." எட்சிங் என்றால் உலோகத் தகட்டில் அமிலத்தால் கோட்டை அரித்து, அதில் மை நிரப்பித் தாளில் எடுப்பது. இரண்டு புலம்பலும் ஒரே கோளாறிலிருந்து வருபவை என்பது என் கட்சி. அந்தச் சுவரில் எது தகட்டிலிருந்து வந்தது, எது கணினிக் கோப்பிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை.

நம் ஊரில் குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பிரிண்ட் என்றதும் சிவகாசி காலண்டர் நினைவுக்கு வரும், இல்லையென்றால் ஜெராக்ஸ் கடை. ஓவியர்கள் வட்டாரத்தில் இதை 'கிராஃபிக்ஸ்' என்று சொல்லிப் பழக்கம். இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் சினிமாவில் டைனோசர் விடுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் கல்லில்தான் அச்சாகி வீட்டுக்கு வீடு போனார்கள். ஆனாலும் அவை எண்ணெய் ஓவியங்களின் நகல்கள். கல்லில் அடித்ததாலேயே ஒன்று அச்சோவியம் ஆகிவிடாது. அச்சோவியத்தில் ஓவியர் தகட்டிலோ கல்லிலோ பலகையிலோ நேராக வேலை செய்கிறார். அதற்கு முன் 'ஒரிஜினல்' என்று ஒன்று எங்கும் மாட்டப்பட்டிருக்கவில்லை. தகடும் படமல்ல, தாளில் விழுவதுதான் படம். இருபது தாள் எடுத்தால் இருபதும் அசல்.

இந்தச் சண்டை பழசு. லண்டனில் ராயல் அகாடமி 1768-இல் தொடங்கியபோது தகட்டில் செதுக்குகிறவர்களுக்கு முழு உறுப்பினர் தகுதி கிடையாது. அடுத்தவர் ஓவியத்தைப் பிரதி எடுப்பவர்கள்தானே என்ற எண்ணம். 1850-களில்தான் அந்தக் கதவு திறந்தது. அதன் பிறகும் மனத்தாங்கல் தீரவில்லை. சீமோர் ஹேடன் என்ற அறுவை மருத்துவர், எட்சிங்கில் பித்துப் பிடித்தவர், ஓவியர் விஸ்லருக்கு மைத்துனர், 1880-இல் எட்சிங் செய்யும் ஓவியர்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார். இன்றைய ராயல் சொசைட்டி ஆஃப் பெயின்டர்-பிரிண்ட்மேக்கர்ஸ் அதுதான். லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தை ஒட்டிய பேங்க்சைட் கேலரி அவர்கள் இடம். ராயல் அகாடமியும் மாறிவிட்டது. 1769 முதல் ஆண்டு தவறாமல் நடக்கும் அதன் கோடைக் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் படைப்பு அனுப்பலாம். அங்கே ஒரு சின்ன எட்சிங்குக்குக் கீழே மட்டும் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பொட்டும் விற்றுப்போன ஒரு தாள்.

இந்தியாவில் போபால் பாரத் பவன் 1989-இலிருந்து சர்வதேச அச்சோவிய பினாலேயை (ஈராண்டுக் கண்காட்சி) நடத்தியிருக்கிறது. லலித் கலா அகாடமி 2018-இல் டெல்லியில் தன் முதல் பிரிண்ட் பினாலேயை நடத்தியது. மேடை இல்லை என்று இனி சொல்ல முடியாது. மேடையில் ஏறுவது எது என்பதுதான் கேள்வி.

விலையைப் பேசுவதற்கு முன், எட்சிங்கும் அக்வாடின்ட்டும் சேர்ந்த ஒரு சாதாரணத் தாளுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் துத்தநாகத் தகடு. முதல் வேலை, நான்கு விளிம்பையும் அரத்தால் சுமார் 45 டிகிரிக்குச் சரித்துத் தேய்ப்பது. சோம்பல் பட்டால் பிரஸ்ஸில் போகும்போது விளிம்பு தாளை வெட்டும், தாளுக்கு மேல் இருக்கும் கம்பளியையும் சேர்த்து வெட்டும். அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது. சுண்ணாம்புப் பொடியும் கொஞ்சம் அம்மோனியாவும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்காமல் தகடு முழுக்கப் படலமாக நின்றால் சுத்தம். ஒரு விரல் ரேகை மிஞ்சினால் போதும், அந்த இடத்தில் மெழுகுப் பூச்சு பிடிக்காமல் அமிலத்தில் உரிந்து, வானம் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கொசுக்கடி போல புள்ளி புள்ளியாக விழும்.

தேன்மெழுகு, பிட்டுமன் (தார்), ரோசின் (மரப்பிசின்) சேர்ந்த அந்தப் பூச்சின் மேல் ஊசியால் வரைகிறார்கள். உலோகத்தைக் கீற வேண்டியதில்லை, பூச்சை மட்டும் விலக்கினால் போதும். கீறும் வேலை அமிலத்துடையது. துத்தநாகத்துக்கு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், எட்டிலிருந்து பத்துப் பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கோட்டுக்குள் எழும் குமிழிகளை இறகால் நீவிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் குமிழி உட்கார்ந்த இடத்தில் அரிப்பு தடைபட்டுக் கோடு நொண்டும். குளிர்தேசத்துப் புத்தகங்களில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை மே மாதச் சென்னையில் நம்பினால் தகடு போச்சு. வெக்கையில் அமிலம் வேகமாகக் கடிக்கும். போதாததற்கு, கடிக்கக் கடிக்க அதுவே சூடாகும். காலையில் போட்ட தகட்டுக்கும் நான்காவதாகப் போட்ட தகட்டுக்கும் ஒரே நேரம் பொருந்தாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதே உலோகத்தில் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

சாம்பல் நிறங்களைத் தருவது அக்வாடின்ட். ரோசினை மாவாக்கித் தகட்டின் மேல் தூவி, அடியிலிருந்து சூடு காட்ட வேண்டும். வெள்ளைத் தூசி கண்ணாடி போல மின்னத் தொடங்கும் நொடியில் தீயை எடுத்துவிட வேண்டும். இன்னும் சில நொடி விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, அமிலம் நுழைய இடமே இருக்காது. தூவினது மிகக் குறைவென்றால் அமிலம் பரவலாக அரித்து, கறுப்பு வர வேண்டிய இடம் வழுக்கைத் தலை போல வெளுத்து நிற்கும். தகட்டில் பாதிப் பரப்பு மூடியிருப்பது நல்ல கணக்கு. பிறகு படிப்படியாக: வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷால் அடைத்துவிட்டு 15 நொடி, அடுத்த இடத்தை அடைத்து 30 நொடி, பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு. ஒவ்வொரு முறையும் முந்தைய நேரமும் சேர்ந்துகொள்ளும் என்பதை மறந்தால் நடுச் சாம்பல் எல்லாம் கறுப்பாகிவிடும். முகமூடி இல்லாமல் ரோசின் தூசியைச் சுவாசிப்பதும், அந்தத் தூசி மிதக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்திருப்பதும் தற்கொலைக்குச் சமம்.

இவ்வளவும் தகடு தயாராவதற்கு மட்டும். 300 கிராம் பருத்தித் தாளை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே தண்ணீர் மினுமினுப்பு போகும் வரை ஒற்ற வேண்டும். மினுமினுப்பு மிஞ்சினால் மை ஒட்டாது. காய்ந்துவிட்டால் தாள் பள்ளத்துக்குள் இறங்காமல் கோடு அங்கங்கே அறுந்து விழும். தகட்டை லேசாகச் சூடாக்கி மையை அழுத்தித் தடவி, கஞ்சி மொடமொடப்புள்ள வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் நீவி எடுக்க வேண்டும். கூடத் துடைத்தால் பள்ளத்தில் இருக்கும் மையும் வந்துவிடும், குறைத்துத் துடைத்தால் படம் அழுக்கு. ஒவ்வொரு தாளுக்கும் இதே துடைப்பு, முதலிலிருந்து. இருபது தாளும் ஒன்றுபோல் வர வேண்டும். பன்னிரண்டாயிரம் அதிகமா என்று இப்போது கேளுங்கள்.

சரி, சுவரில் மாட்டியிருப்பது இந்த வகைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கும். இன்க்ஜெட்டில் பொடிப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். எட்சிங்கில் அந்த மாதிரிப் புள்ளி இருக்காது, மைக்கோடு தாளின் மேல் மேடாக எழுந்து நிற்கும். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து காட்டினால் வெறும் கண்ணுக்கே தெரியும். மரப்பலகையில் செதுக்கும் வுட்கட்டிலும் லினோலியத்தில் செதுக்கும் லினோவிலும் நிறத்தின் ஓரத்தில் மை பிதுங்கிய ஒரு கறுத்த வரம்பு இருக்கும். கல் அச்சான லித்தோவில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை, கிரேயான் சொரசொரப்பு மட்டும். படத்தைச் சுற்றிப் பிரஸ் அழுத்திய தகட்டுத் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். இன்க்ஜெட் படத்தின் மேல் வெற்றுத் தகட்டை வைத்து அழுத்தி, இல்லாத தடத்தை உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்க்ஜெட் எனக்கு எதிரியில்லை. கணினியிலேயே பிறந்து, தாளில் அச்சாகும்போதுதான் முழுமை பெறும் படைப்பு உண்டு. அதைத் தனி வகையாகச் சேர்க்கலாம், நன்றாக இருந்தால் பரிசும் கொடுக்கலாம். எனக்கு எரிச்சல், ஏற்கெனவே வரைந்து முடித்த அக்ரிலிக் ஓவியத்தின் ஸ்கேனை எடுத்து, பென்சிலால் 1/100 (நூறு தாளில் முதலாவது) என்று எழுதி அனுப்புவதில்தான். 'ஜிக்ளே' என்ற பெயரே 1991-இல் ஜாக் டுகான் என்பவர் இன்க்ஜெட் என்று சொல்லாமலிருக்கப் பிரெஞ்சிலிருந்து உண்டாக்கியது. பெயரில் பன்னீர் தெளித்தாலும் அது பிரதிதான்.

அந்த 1/100-ஐயும் கொஞ்சம் பார்க்கலாம். எண்ணிக்கை என்பது வெறும் விற்பனைத் தந்திரமல்ல, பல முறைகளில் உலோகமே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. டிரைபாயின்ட்டில் அமிலம் கிடையாது, ஊசியே தகட்டைக் கீறும். அப்போது ஓரத்தில் எழும் உலோகப் பிசிறுதான் அந்த வெல்வெட் கறுப்பைத் தருகிறது. பிரஸ்ஸில் போகப் போகப் பிசிறு நசுங்கிவிடும். பத்து, இருபது தாளுக்கு மேல் அந்தக் கறுப்பு நிற்காது. செம்புத் தகட்டின் மேல் மின்முலாமாக மெல்லிய இரும்பு ஏற்றினால் கூடுதலாக எடுக்கலாம். சாதாரண டிரைபாயின்ட்டில் 60/75 என்று கண்டால் தேர்வுக்குழு அந்த முலாம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ரிடக்‌ஷன் லினோ இன்னும் கறார். ஒரே பலகையைச் செதுக்கி ஒரு நிறம் அடித்து, மறுபடி செதுக்கி அடுத்த நிறம் அடிப்பார்கள். முடிந்ததும் பலகையில் கடைசி நிறம் மட்டும்தான் மிச்சம், திரும்ப எடுக்கவே வழியில்லை. ஒவ்வொரு நிறத்திலும் ஓரிரண்டு தாள் பொருந்தாமல் பிசகும், அதனால் இருபது வேண்டுமென்றால் முப்பது தாளோடு தொடங்குவார்கள்.

முதல் சுற்றுத் தேர்வை ஜேபெக் புகைப்படத்தை வைத்துச் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. சித்தூர்ப் பக்கத்தில் பிறந்து, 1940-களின் இறுதியில் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவை நடத்தி, பிறகு பாரிஸில் ஹேட்டர் என்ற ஓவியரின் அச்சோவியப் பட்டறையான அட்டெலியே 17-இல் வேலை செய்தவர் கிருஷ்ணா ரெட்டி. ஒரே தகட்டில், பிரஸ்ஸில் ஒரே ஓட்டத்தில், பல நிறம் எடுக்கும் முறையை அங்கே உருவாக்கியவர்களில் முக்கியமானவர். தகட்டை வெவ்வேறு ஆழத்தில் குடைந்து, எண்ணெய் கூடிய இளகின மையைக் கெட்டி ரோலரால் மேல்மட்டத்தில் உருட்ட வேண்டும். பிறகு இறுகின மையை மெத்து ரோலரால் உருட்டினால் அது பள்ளத்துக்கு இறங்கும், எண்ணெய் மை இருக்கும் இடத்தில் ஒட்டாது. வரிசையை மாற்றினால் எல்லாம் கலந்து சேறு. அந்தத் தாள் அருகில் பார்த்தால் நிலவரைபடம் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். 1500 பிக்சல் ஜேபெக்கில் கலர் கறை மட்டும்தான் தெரியும். அதனால் இரண்டாம் சுற்றிலாவது தாளையே வரவழைத்து, கண்ணாடி போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒரு குளோசப்பையாவது விண்ணப்பத்தில் கேளுங்கள்.

அனுப்புகிறவர்களுக்கு: பள்ளம் மேடுள்ள தாளைச் சுருட்டிக் குழாயில் போடாதீர்கள், இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக அனுப்புங்கள். பிரேம் போட்டால் மவுன்ட்டின் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) ஜன்னல், தகட்டுத் தடத்தையும் கீழே பென்சிலால் எழுதிய எண், தலைப்பு, கையெழுத்தையும் மறைக்கக் கூடாது. செல்லோடேப் கூடவே கூடாது. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள், ஈரப்பதத்துக்கு ஏற்பத் தாள் விரிந்து சுருங்கட்டும். நாலு பக்கமும் ஒட்டினால் முதல் மழைக்காலத்திலேயே அப்பளமாக நெளியும். தாள் கண்ணாடியைத் தொட்டால் பூஞ்சை நிச்சயம்.

விபத்தை எல்லாம் குறையாகக் கழித்துவிடவும் கூடாது. அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்க் 1963-இல் செய்த லித்தோ ஒன்றின் கல் பிரஸ்ஸிலேயே உடைந்தது. உடைந்த கல்லிலிருந்தே அச்செடுத்தார், சிதறிய சில்லுகளையும் படத்தின் அடியில் சேர்த்தார், குறுக்கே ஓடும் வெள்ளைப் பிளவோடு 'ஆக்சிடென்ட்' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு லூப்லியானா நகர அச்சோவிய பினாலேயில் பெரிய பரிசு அதற்குத்தான். லேபிளில் அந்தச் சேதி இல்லாவிட்டால் பிளவு வெறும் டிசைனாகப் போயிருக்கும்.

ஏற்பாட்டாளர்களிடம் என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு லேபிளிலும் முறை, தகடோ கல்லோ பலகையோ கோப்போ அது, எத்தனை தாள், அச்செடுத்தவர் வேறொருவர் என்றால் அவர் பெயர், இவ்வளவும் இருக்கட்டும். அரங்கின் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். அதில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, சாய்த்துப் பிடிக்க ஒரு கைவிளக்கு, எடிஷன் (எண்ணிட்ட தாள்கள் மொத்தமும்) முடிந்து குறுக்கே கோடு கிழித்து ரத்து செய்த தகடு ஒன்று, அதே தகட்டில் எடுத்த தாள் ஒன்று. பிள்ளைகள் தகட்டைத் தடவிப் பார்க்கட்டும். இனி அதில் அச்செடுக்கப் போவதில்லை, தேய்ந்தாலும் பரவாயில்லை.