பக்கத்து மேசைக்கு ஒரு கோப்பு

திருப்பூரில் பனியன் டிசைன் கோப்புகளைப் பென் டிரைவில் சுமந்து அலையும் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பென் டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறுவதில்லை. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால், மேக் கணினி படிக்க மட்டும் அனுமதித்து, ஒரு சிறு திருத்தத்தைக்கூட எழுத விடுவதில்லை. 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறை விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவானது என்று அதற்கும் மாறினேன். பிரிண்டிங் பட்டறையின் பழைய கணினிக்கோ அது கண்ணிலேயே படவில்லை.

வேறு கணினியில் திறந்தாலும், மேக் விட்டுச்செல்லும், புள்ளியும் அடிக்கோடும் முன்னொட்டிய சின்னஞ்சிறு துணைக்கோப்பைத்தான் பட்டறைத் தம்பி அழுத்துகிறான். “அண்ணா, ஃபைல் ஓப்பன் ஆகலைங்க” என்கிறான். பெயரில் ஒரு கேள்விக்குறி இருந்தாலே விண்டோஸ் ஏற்பதில்லை. நாளை சரக்கு ஏற வேண்டிய நேரத்தில், ஒரு படத்தைப் பக்கத்து மேசைக்குக் கொண்டுசேர்க்க இத்தனை பாடா?