ரீசெட் அடித்தால் பள்ளி டேப்லெட் பூட்டு போய்விடுமா?

"பள்ளிக்கூட டேப்லெட்டை ஃபேக்டரி ரீசெட் அடிச்சா பூட்டெல்லாம் போயிடும், வண்ணாரப்பேட்டையில எந்த மொபைல் கடையிலயும் பண்ணித் தருவாங்க" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அதாவது, எல்லாவற்றையும் அழித்துக் கருவியைப் புதிது போலாக்கினால் பள்ளி போட்ட கட்டுப்பாடுகள் நீங்கிவிடும் என்கிறார். அண்ணா, இது பாதிதான் உண்மை. இதை நம்பி ஒரு பிள்ளை முயன்று பார்த்தால் வம்பு அதற்குத்தான்.

பள்ளிகள் தங்கள் கருவிகளைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்த ஆண்ட்ராய்டின் ஜீரோ டச், சாம்சங்கின் நாக்ஸ், ஆப்பிள் ஸ்கூல் மேனேஜர் போன்ற பதிவு முறைகள் இருக்கின்றன. அவற்றில் சீரியல் எண்ணோ ஐஎம்இஐயோ (கருவிக்கே உரிய அடையாள எண்) பதிவான கருவி, ரீசெட்டுக்குப் பின் இணையத்தில் சேர்ந்ததுமே தன் பள்ளி எது என்று சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். கட்டுப்பாடுகள் திரும்ப ஏறிவிடும். பள்ளி பதிவு செய்த குரோம்புக்கும் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) அப்படித்தான். பதிவு சர்வரில் இருப்பதால் கடைக்காரர் கை அங்கே எட்டாது.

பதிவே செய்யாமல், ஒரு ஆப்பை மட்டும் கையால் ஏற்றிக் கொடுத்த கருவியில்தான் ரீசெட் பலிக்கும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் புதிதாக வாங்கும் பள்ளிகள் பில் போடும் முன்பே கருவியைப் பதிவு செய்து தருவார்களா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். ஜீரோ டச்சில் கருவியைச் சேர்ப்பது அவர்கள்தான். ஆசிரியர் லேப்டாப்புக்கு பிட்லாக்கரும் (திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி) போடுங்கள், பிள்ளைகளின் முகவரியும் மதிப்பெண்ணும் அதில்தானே இருக்கிறது. டேப்லெட்டுகளை வைத்து சார்ஜ் போடும் அலமாரி தரைத்தளத்தில் வேண்டாம், நம்ம ஏரியா மழைத்தண்ணீர் தெரிந்ததுதான்.